டொக்குத் தட்டில் வெட்டிய இங்கிலீஷ்

கண்ணுங்களா,

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டார் வந்திருந்தபோது நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து டொக்குத் தட்டுக் கதையைச் சொன்னீர்கள். பெரியவன் என்னைப் போலவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நோ டமில்! ஒன்லி இங்கிலீஷ்!" என்று நடித்துக் காட்டினான். சித்தப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு நடுவில் சித்தி சின்னவளிடம் ஏதோ கேட்டாள். சின்னவளுக்கு அது காதில் விழவில்லை. வலது காதைச் சித்தி பக்கம் திருப்பி, "என்ன சித்தி?" என்றாள். எப்போதும் செய்கிற மாதிரிதான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

அந்தக் கதையைச் சொல்லும்போது ஒரு இடத்தை நீங்கள் எப்போதும் தாண்டிப் போய்விடுகிறீர்கள். மறந்துபோய் அல்ல. நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால் தாண்டுகிறீர்கள். அந்த இடம் சின்னவளின் இடது காது. நீங்கள் தாண்டுவது எனக்கு இத்தனை நாளும் சௌகரியமாக இருந்தது. அந்தச் சௌகரியம்தான் இப்போது உறுத்துகிறது. அதனால் நானே எழுதிவிடுகிறேன். உங்களுக்குத் தெரியாத ஒன்றும் இதில் இருக்கிறது. நான் பத்தாவது வரை படித்தவன், அதுவும் தமிழ் மீடியம். தப்பு இருந்தால் திருத்திப் படியுங்கள்.

அப்போது சின்னவள் நாலாம் வகுப்பு, பெரியவன் எட்டாம் வகுப்பு. இரண்டு பேருக்கும் அடையாறில் ஒரே பள்ளிக்கூடம். நாம் இருந்தது ராஜா அண்ணாமலைபுரத்தில் இதே வீடுதான். நான் தி. நகர் பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறவன். இன்றைக்கும் அதே வேலை. எவர்சில்வர் குடம், தட்டு, டம்ளர் வாங்குகிறவர்கள் பில் போட்ட கையோடு என் மேஜைக்கு வருவார்கள். சின்ன மெஷினைப் பேனா மாதிரிப் பிடித்து, அவர்கள் சொல்கிற பேரைப் பாத்திரத்தில் வெட்டிக் கொடுப்பேன். தமிழில் கேட்டால் தமிழ், இங்கிலீஷில் கேட்டால் இங்கிலீஷ். எழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று கடையில் சொல்வார்கள். ஆக, இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்றும் என் கைக்கு நன்றாகத் தெரியும். அவை சேர்ந்து ஒருவர் வாயிலிருந்து வரும்போதுதான் எனக்கு ஒன்றும் விளங்காது.

அப்படித்தான் ஆனது அந்த வருஷத்துப் பெற்றோர் கூட்டத்தில். சின்னவளின் வகுப்பு மிஸ் ரிப்போர்ட் கார்டை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வேகமாகப் பேச ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்துக்குள் எல்லாரும் இங்கிலீஷில்தான் பேச வேண்டும், பெற்றோர்கூட, என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள். அவர் பேசியதில் எனக்குப் பிடிபட்டது 'ஸ்பீக் அப்' என்பதும் 'ஓபன் அப்' என்பதும்தான். ஸ்பீக் என்றால் பேசுவது, அப் என்றால் மேலே. மேலே பேசுவது என்றால் என்ன? நான் 'யெஸ் மிஸ்', 'ஓகே மிஸ்' என்று தலையாட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு இடத்தில் அவர் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கேள்வி கேட்டிருக்கிறார் போல. அதற்கும் "யெஸ் மிஸ்" என்றேன். அவர் "ஆர் யூ ஷ்யூர்?" என்றார். அது தெரியும் எனக்கு. பலமாகத் தலையாட்டினேன்.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது சின்னவள் பின்னால் ஏறிக்கொண்டு, "மிஸ் என்னப்பா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"நல்லா படிக்கிறியாம். இன்னும் கொஞ்சம் வாயத் தொறந்து பேசணுமாம்."

"நானா? நான் வாய மூடுனாதானேப்பா தொறக்கறதுக்கு?"

உண்மைதான். வீட்டில் அவள் வாய் ஓயாது. அம்மா அவளுக்கு வைத்திருந்த பேரே ரேடியோ. அந்த ரேடியோ வகுப்பில் மட்டும் ஏன் பாடவில்லை என்று நான் யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்ததெல்லாம், நம் வீட்டில் இங்கிலீஷ் இல்லை, அதனால் பிள்ளை கூச்சப்படுகிறது, அதற்குக் காரணம் நான்தான் என்று. குற்றவாளி யார் என்பதைச் சரியாகக் கண்டுபிடித்தேன், குற்றத்தைத்தான் தப்பாக எழுதிக்கொண்டேன்.

மயிலாப்பூரில் ஒரு மாதா கோயில் ஹாலில் ஞாயிறு மதியம் பெற்றோர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கடையில் ஒருவர் சொன்னார். போய்ச் சேர்ந்தேன். அந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பத்துப் பெண் ஒருவர்தான் டீச்சர். வயதில் என்னைவிடச் சின்னவர், என்னை அண்ணா என்று கூப்பிடுவார். முதல் நாளே எழுந்து நின்று கேட்டுவிட்டேன்: "டீச்சர், பேசறதப் பத்தின வார்த்தைங்க மட்டும் எனக்கு மொதல்ல வேணும். ஸ்பீக் அப் மாதிரி. எம்பொண்ணுக்காக."

அவர் சிரித்துவிட்டு, "சரிண்ணா, இந்த மாசம் பூரா பேச்சுதான்" என்று போர்டில் எழுத ஆரம்பித்தார். ஸ்பீக் அப் என்றால் குரல் எழும்பும்படி, தயங்காமல் சொல்வது. ஓபன் அப் என்றால் மனதில் இருப்பதைத் திறந்து சொல்வது. டாக் பேக் என்றால் பெரியவர்களை எதிர்த்துப் பேசுவது. டாக் ஓவர் என்றால் அடுத்தவர் பேசும்போது அவர் பேச்சின் மேலேயே நாம் பேசுவது. பாட்டில் அப் என்றால் சொல்லாமல் உள்ளேயே போட்டு அடைத்து வைப்பது. "இந்த வால் மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கிற சின்ன வார்த்தைங்களப் பாத்து பயப்படாதீங்க" என்றார். "தமிழ்லயும் நாம இதத்தானே பண்றோம்? சொல்லிவிடு, சொல்லிவை, சொல்லிக்கொடு, சொல்லிக்காட்டு. எல்லாம் சொல்தான். வால் மாறினா விஷயம் மாறிடுது."

எனக்குப் பக்கத்து நாற்காலியில் ராயப்பேட்டையில் கண்ணாடி பிரேம் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் உட்காருவார். பேரப்பிள்ளை துபாயில் இருக்கிறது, போனில் இங்கிலீஷில்தான் பேசுகிறது என்று வந்தவர். டீச்சர் ஒருநாள் 'ஸ்பிட் இட் அவுட்' என்பதை எழுதி, "மென்னு முழுங்காம சொல்லித்தொலைன்னு அர்த்தம். நேரா பாத்தா, துப்பிடுன்னு வரும்" என்றார்.

பாய் பதறிவிட்டார். "துப்பறதா? இன்னா டீச்சர் நீங்க, எங்கடை செவுத்துல துப்பாதேன்னு போர்டே மாட்டிக்கினுகீறேன். நீங்க துப்பச் சொல்லிக் குடுக்கிறீங்கோ."

"கோவத்துல சொல்றது பாய். செல்லமாவும் சொல்லலாம்."

"செல்லமா துப்புன்னு எங்கூட்ல சொன்னா, நைனா" என்று என் பக்கம் சாய்ந்தார், "பொண்டாட்டி எம்மூஞ்சிலயே துப்பிடுவா."

ஹாலே சிரித்தது. நான் அந்த ஞாயிறுகளை ரொம்பவும் ஆசையாக எதிர்பார்த்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். உங்களுக்காகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு, எனக்காகவும் போனேன். ஒரு ஞாயிறு டீச்சர் கடைசியாக 'ஹியர் அவுட்' என்று எழுதினார். ஒருவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்பதாம். அது கேட்பதைப் பற்றியது, நமக்கு வேண்டியது பேசுவது, என்று நான் அதை விட்டுவிட்டேன்.

கடையில் பரணிலிருந்து விழுந்து நசுங்கி, டொக்கு விழுந்த சாப்பாட்டுத் தட்டு ஒன்று கிடந்தது. முதலாளி, "அத எடைக்குப் போடாத, நீ கையப் பழகிக்க வெச்சுக்க" என்று கொடுத்தார். வாடிக்கை வராத மத்தியானங்களில் அந்தத் தட்டின் விளிம்பைச் சுற்றி நான் படித்து வந்தவற்றை இங்கிலீஷில் வெட்டினேன். ஸ்பீக் அப், ஓபன் அப், ஸ்பிட் இட் அவுட் என்று வட்டமாக ஒரு சுற்று வந்தது. நடுவில் ஒன்றும் வெட்டவில்லை. அங்கே சோறு போட வேண்டுமே. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துத்தான் அந்தச் சட்டத்தைப் போட்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கும்வரை இங்கிலீஷ். முதலில் தமிழ் பேசுகிறவர் டொக்குத் தட்டில் சாப்பிட வேண்டும்.

உங்கள் அம்மா அன்றைக்கே சொன்னாள். "இன்னாங்க இது, துன்ற சோத்துக்குக்கூடப் பரீட்சையா? எனக்குத் தெரிஞ்சது சால்ட்டு, வாட்டரு. இத வெச்சிக்கினு நான் குடும்பம் நடத்தணுமா?"

"அம்மா தமிழ்! அம்மா தமிழ்!" என்று நீங்கள் குதித்தீர்கள். தட்டு அம்மாவுக்குப் போனது. அதன் பிறகு பெரும்பாலும் அங்கேயே இருந்தது. அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒருநாள் நான் சமாதானமாக, "கஷ்டமா இருந்தா நீ விளையாட்டுல சேராத" என்றேன். "நான் எதுலதான் சேர்ந்தேன் இப்ப?" என்று கேட்டுவிட்டு ரசத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அதன் பிறகு அவள் பேசாமலே பரிமாற ஆரம்பித்தாள். வீட்டில் அவ்வளவு அமைதியாகச் சாப்பாடு நடந்ததில்லை. நமக்கு ஒழுங்கு வந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. 'பாஸ் த ரசம்', 'திஸ் பிஷ் ஈஸ் மெனி போன்ஸ்' என்றெல்லாம் பேசினோம். பெரியவன் வாத்தியார் மாதிரி திருத்துவான். சின்னவள் பள்ளிக்கூடத்துக் கதையை இங்கிலீஷில் ஆரம்பித்து, பாதியில் கையால் காட்டி, பாதியில் விட்டுவிடுவாள். விட்ட பாதி எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை.

இனி அந்த ராத்திரி.

நெத்திலிக் குழம்பு. எல்லாரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். சின்னவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. இடது கையால் காதை மூடி மூடித் திறந்தாள்.

"அப்பா, காது…"

நான் விரலைத் தூக்கினேன். "இங்கிலீஷ்."

அவள் டொக்குத் தட்டைப் பார்த்தாள். "இயர்… இயர் ஈஸ்… இயர்ல…"

"ஏய்! 'ல' போட்டா தமிழு! தட்டு ஒனக்குதான்!" என்றான் பெரியவன்.

"இரு நைனா, அவ சொல்லட்டும். ஸ்பிட் இட் அவுட், கண்ணு" என்றேன் நான், தமிழிலேயே.

அவள் கண்ணை மூடி யோசித்தாள். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள்.

"மை… இயர்… ஹர்ட்ஸ்."

"கரெக்டு!" என்று பெரியவன் கத்தினான்.

நான் சோற்றுக் கையோடு கை தட்டினேன். "வெரி குட்! வெரி குட்! ஒன்ஸ் மோர்!"

அவள் இன்னொரு தடவை சொன்னாள். அம்மா குழம்புக் கரண்டியோடு நின்று எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். "இன்னாவாம்?" என்று கேட்டாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்த வீட்டில் அந்த வாக்கியம் புரிந்தால் உடனே வந்து காதைப் பார்த்திருக்கக்கூடிய ஒரே ஆள் அவள். நான் அவளுக்கு என்ன சொன்னேன் தெரியுமா? "உன் பொண்ணு தப்பில்லாம இங்கிலீஷ் பேசிட்டா" என்றேன். அவளும் சந்தோஷமாகச் சிரித்தாள். பெரிய நெத்திலியாகப் பார்த்து இரண்டு எடுத்துச் சின்னவளின் தட்டில் வைத்தாள்.

சின்னவளே, நீயும் சிரித்தாய். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாராட்டு வாங்கிய சிரிப்பு. ஆனால் அது அடங்கிய பிறகும் நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய், இன்னும் ஏதோ வரவேண்டியிருக்கிறது என்கிற மாதிரி. ஒன்றும் வரவில்லை. நான் அடுத்த கவளத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அதன் பிறகு நீ காதைப் பற்றி என்னிடம் சொல்லவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டால் 'நத்திங்' என்பாய். நம் வீட்டில் எல்லாரும் பிழையில்லாமல் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் வார்த்தை அதுதான். அம்மாகூடக் கற்றுக்கொண்டாள். நத்திங் என்று சொன்னால் தட்டு வராது, திருத்தல் வராது, சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடலாம். டிவி சத்தத்தை நீ கூட்டுவாய், நான் குறைப்பேன். கூப்பிட்டால் திரும்ப மாட்டாய். "காது கேக்குதா இல்லையா ஒனக்கு?" என்று நான் திட்டியிருக்கிறேன். அதை ஒரு கேள்வியாகக் கேட்டிருந்தால் போதுமே. நான் திட்டாகத்தான் கேட்டேன்.

கண்டுபிடித்தது அம்மா. விடுமுறை நாளில் படுக்கையை எடுக்கும்போது தலையணை உறையில் மஞ்சளாகக் கறையும், எண்ணெய் வைத்துத் தலை சீவிவிடும்போது காதுக்குப் பக்கத்தில் ஒரு வாடையும் இருந்திருக்கின்றன. நான் கடையிலிருந்து வந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் சொன்னாள்.

"ஏங்க, கொழந்த காதுல சீழு வருது."

என் விரல் தானாகத் தூக்கிக்கொண்டது. பழக்கம். "இங்கிலீ…" என்று வாய்வரை வந்துவிட்டது.

அம்மா தன் முன்னால் இருந்த டொக்குத் தட்டை எடுத்தாள். அதிலிருந்த சோற்றைக் குண்டானில் திருப்பிக் கொட்டினாள். வெறும் தட்டை என் மடி மேல் வைத்தாள்.

"இந்தா. நீயே வெச்சிக்க. நான் எம்புள்ளையக் கூட்டிக்கினு ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

அவள் என்னை 'நீ' என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அன்றைக்கு அந்த நேரத்தில் காது டாக்டர் யாரும் இருக்க மாட்டார்கள் என்று சொல்லி அவளை உட்கார வைத்தேன். மறுநாள் காலையில் மூன்று பேரும் ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போனோம். காது டாக்டர் நடுவயதுப் பெண்மணி. விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "எப்பலேர்ந்தும்மா வலி?" என்று நேராக உன்னிடமே கேட்டார்.

நீ பேச ஆரம்பித்தாய். ரொம்ப நாளைக்குப் பிறகு ரேடியோ பாடியது. "மொதல்ல சளி புடிச்சப்ப காது அடைச்சா மாதிரி இருந்துச்சு டாக்டர். மிஸ் பேசறது தூரமா கேட்டுச்சு. அப்புறம் உள்ள எறும்பு ஊர்றா மாதிரி இருந்துச்சு. அப்புறம் குடைஞ்சுச்சு. குச்சி விட்டுக் குடையறா மாதிரி. அப்புறம் விண்ணு விண்ணுனு தெறிச்சுது. அப்புறம் ஒருநாள் டப்புனு வலி போயிடுச்சு, தண்ணியா வந்துச்சு. இப்ப கொய்ங்குனு மட்டும் கேக்குது."

இத்தனையும் உன்னிடம் இருந்திருக்கின்றன. வலிக்கு இத்தனை வார்த்தை வைத்திருந்த பிள்ளையிடம் நான் மூன்றே மூன்று வார்த்தையை வாங்கிக்கொண்டு கை தட்டியிருக்கிறேன்.

டாக்டர் கேட்டார். "இதெல்லாம் வீட்ல சொல்லலியா நீ?"

"சொன்னேன்."

"யார்கிட்ட?"

"அப்பாகிட்ட. இங்கிலீஷ்ல."

"அப்பா என்ன சொன்னாரு?"

"வெரி குட்னு சொன்னாரு."

டாக்டர் நீ விளையாடுகிறாய் என்று நினைத்துச் சிரித்தார். பக்கத்தில் நின்ற நர்ஸும் சிரித்தார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ராத்திரி தான் கேட்ட 'இன்னாவாம்' என்பதற்குப் பதில் அவளுக்கு அப்போதுதான் கிடைத்தது. அவள் திட்டவில்லை. உன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். காது ஜவ்வில் ஓட்டை விழுந்திருந்தது. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் மருந்தோடு போயிருக்கும், இப்போது புண் ஆறட்டும், பிறகு ஒட்டுப் போடப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

ஒட்டுப் போட்டதும், பஞ்சு வைத்துக்கொண்டு நீ திரிந்ததும், தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று அம்மா காவல் காத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். சீழ் நின்றது. கேட்பது முழுசாகத் திரும்பவில்லை. இன்றைக்கும் நீ வகுப்பில் இடது ஓரமாக உட்காருகிறாய், வலது காது மிஸ் பக்கம் இருக்க வேண்டும் என்று.

இதுவரைக்கும் உங்களுக்குத் தெரிந்தது. மீதி, அம்மாவுக்கும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு நான் தனியாக உன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், உட்காரும் இடத்தை மாற்றித் தரச் சொல்லி. வாக்கியங்களை வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். மிஸ் எதிரே நின்றதும் ஒன்றும் வரவில்லை. "மிஸ், எம்பொண்ணுக்கு ஒரு காது கேக்கல மிஸ்" என்று தமிழில் வந்துவிட்டது.

அவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நல்ல தமிழில் பேசினார். நம் ஊர்த் தமிழ்தான். "எனக்கு அப்பவே சந்தேகமா இருந்துதுங்க. அதான் அன்னிக்கு மீட்டிங்ல கேட்டேனே, கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறா, காத எங்கயாவது காட்டினீங்களான்னு. நீங்க யெஸ்னு சொன்னீங்க. நிச்சயமாவான்னு மறுபடியும் கேட்டேன். அதுக்கும் தலையாட்டினீங்க. அதனாலதான் காது நல்லாத்தான் இருக்கு, கூச்சம்போலன்னு நெனச்சுட்டேன்."

புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுத்தான் தலையாட்டினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். "மறந்துட்டேன் மிஸ்" என்றேன். பெற்ற பிள்ளையின் காதைக் கவனிக்க மறந்துவிட்டேன் என்று சொல்வது எனக்கு அப்போதும் சுலபமாக இருந்தது. இங்கிலீஷ் புரியவில்லை என்று சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. எவ்வளவு கேவலமான வெட்கம் பாருங்கள். அவர் பாவம், "என் தப்பும் இருக்குங்க, நானும் விட்டிருக்கக் கூடாது" என்றார். அந்தப் பாதித் தப்பையும் அவர் தலையிலேயே விட்டுவிட்டு நான் வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அதன் பிறகு நான் போகவில்லை. பாய் கடைக்கே தேடிக்கொண்டு வந்தார். "இன்னா நைனா, ஆளையே காணோம்? கொழந்த எப்டி கீது?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். டீச்சர் விசாரித்ததாகச் சொன்னார். இங்கிலீஷ் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, கண்ணுங்களா. நீங்கள் இரண்டு பேரும் அதை நன்றாகப் பேசுகிறீர்கள், எனக்குப் பெருமைதான். அந்த வார்த்தைகளும் நல்ல வார்த்தைகள்தான். வாயைத் திறப்பதற்கு அத்தனை வார்த்தைகளைத் தேடித் தேடிச் சேர்த்து, அவற்றாலேயே உங்கள் வாயையும் அம்மா வாயையும் நான் அடைத்து வைத்தேன். அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

இப்போதும் சின்னவள் வாடிய முகத்தோடு வந்தால், என்னம்மா என்று கேட்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, ஆயிரம் இருக்கும். 'நத்திங்ப்பா' என்கிறாய். அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்று அம்மா சொல்கிறாள். இருக்கலாம். எனக்கு அந்த வார்த்தை கேட்கும்போதெல்லாம் நெத்திலிக் குழம்பு வாசனை வருகிறது. தமிழிலோ இங்கிலீஷிலோ, கையைக் காட்டியோ அழுதோ, எப்படிச் சொன்னாலும் சரி. சொல்லி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்க மாட்டேன். இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல்தான் எழுதுகிறேன்.

அந்தத் தட்டு எங்கே போனது என்று சித்தப்பா கேட்டபோது, எடைக்குப் போட்டுவிட்டேன் என்றேன் இல்லையா? போடவில்லை. கடையில் என் மேஜைக்கு அடியில், கோணிப்பைக்குள் இத்தனை வருஷமாகக் கிடந்தது. இன்று மத்தியானம் மற்றவர்களெல்லாம் சாப்பிட மாடிக்குப் போன பிறகு அதை எடுத்துத் துடைத்தேன். விளிம்பில் நான் வெட்டிய இங்கிலீஷ் எல்லாம் அப்படியே இருக்கிறது. ஒரு எழுத்துகூடத் தேயவில்லை. நடுவில் மட்டும் காலியாக இருந்தது. மெஷினைப் போட்டேன். பேர் வெட்டுகிற மாதிரியே, அவசரப்படாமல், 'காது குடையுதுப்பா' என்று தமிழில் வெட்டினேன். துகளை ஊதிவிட்டுக் கழுவினேன். பிறகு அம்மா கட்டிக் கொடுத்த சாம்பார் சாதத்தை அந்த எழுத்தின் மேல் கொட்டி, மேஜைக்கு அடியிலேயே உட்கார்ந்து, அது மறுபடி தெரிகிறவரை சாப்பிட்டேன்.